பழைய காரோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும் தம்பதியருக்கு

எங்கள் வீட்டுக் கார் 1970-இல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் III, நான்கு கதவு வண்டி. சென்னையை ஒட்டிய பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தக் காரை என் அப்பா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டினார். அவருக்குப் பின் அது என்னிடம் வந்தது. நானும் என் கணவரும் மெல்பர்னில் குடியேறுவதென்று முடிவெடுத்தபோது, பேசித் தீர்க்க வேண்டியவற்றுள் வீடு, வேலை, மாமியாரின் மருத்துவம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்தக் காரும் நின்றது. காரை விட்டுவர மனமில்லாதவள் நான். அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குக் கேட்டவர் அவர். இருவர் கேட்டதும் நியாயம் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் தெரிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் தம்பதியருக்குப் பயன்படும் வகையில், செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, காருக்கும் தனியாக ஒரு விசா வேண்டும் என்பதே. அதற்கும் பிறப்புச் சான்று உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு, மறுக்கப்படும் அபாயமும் உண்டு. மனிதர்களின் விசாவும் காரின் அனுமதியும் வெவ்வேறு துறைகளிடமிருந்து வெவ்வேறு வேகத்தில் வருபவை. ஒன்றை நம்பி மற்றொன்றுக்குத் தேதி குறிப்பவர்கள்தாம் துறைமுகக் கிடங்கில் வாடகை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா

இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் விடை சொல்லாமல், இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான இந்தியப் பழைய கார்களைப் பொறுத்தவரை, அனுப்பும் செலவு காரின் சந்தை விலையை எட்டிவிடும் அல்லது தாண்டிவிடும். பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காரை விற்றுவிட்டு, அங்கே போய் அதே காலத்து வண்டி ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். ஹெரால்டைப் பொறுத்தவரை இது வெறும் பேச்சன்று: ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த, எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூல வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டை, மெல்பர்ன் நகரத்துப் போர்ட் மெல்பர்ன் பகுதியிலேயே 1960-களில் ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் பாகங்களை இணைத்து உருவாக்கி விற்றது. ஆகவே அந்த ஊரில் ஹெரால்டு வேண்டுமென்றால் ஹெரால்டு கிடைக்கும். எனக்கு வேண்டியது அப்பாவின் ஹெரால்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை தொடர்கிறது.

விட்டுச் செல்வதென்றால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். பதினைந்து ஆண்டுகள் கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி, காப்பீடு ஆகியவை தவறக் கூடாது. இவற்றையெல்லாம் உங்கள் சார்பில் செய்பவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வாரம் ஒருமுறை எஞ்சினை உயிர்ப்பிக்கக்கூட ஆளில்லாத கொட்டகையில் நிற்கும் கார், இரண்டு மழைக்காலங்களில் எலிக்கும் துருவுக்கும் இரையாகிவிடும். ‘தம்பி பார்த்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கையில் விட்டுச் செல்பவர்கள், தம்பியின் மனைவியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கார்னே என்ற பயண ஆவணத்தைக் கொண்டு காரை எடுத்துச் செல்லலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது சுற்றுலாவாகப் போய்த் திரும்புபவர்களுக்கானது. குறித்த காலத்துக்குள் வண்டி நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். குடியேறுபவர்களுக்கு அது வழியன்று.

மனிதர்களின் விசா

இதைப் பற்றி எழுதுவோர் பலர் என்பதால், தம்பதியருக்குரிய ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். திறன் அடிப்படையிலான 189, 190, 491 ஆகிய விசாக்களுக்குக் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். விண்ணப்பதாரர் 45 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். துணைவருக்கும் திறன் மதிப்பீடும் போதிய ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால் 10 புள்ளிகளும், ஆங்கிலத் தேர்ச்சி மட்டும் இருந்தால் 5 புள்ளிகளும் கூடும். ஆகவே இருவருள் முதன்மை விண்ணப்பதாரர் யார் என்பதை இரு வகையாகவும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். சம்பளம் அதிகம் வாங்குபவர்தான் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எங்கள் வீட்டில் வயதும் தொழிலும் சேர்ந்து அவரை முன்னே நிறுத்தின.

விசா கைக்கு வரும்வரை காருக்காகப் பெருஞ்செலவு எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் செலவில்லாத வேலைகளை, அதாவது ஆவணங்களைச் சீராக்கும் வேலைகளை, விசாவுக்கு விண்ணப்பித்த அன்றே தொடங்கிவிடலாம். அவற்றுக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கும்.

இந்தியப் பக்கத்து ஆவணங்கள்

கார் யார் பெயரில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பரம்பரைக் கார்களில் பாதிக்கு மேல் இன்னமும் காலமானவரின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றப் படிவம் 31. உயிரோடிருப்பவரிடமிருந்து மாற்றப் படிவங்கள் 29, 30. இறந்தவரின் கார் என்றால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். என் அண்ணன் கையெழுத்திட மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரில் தானும் ஓட்டக் கற்றவன் என்பதை நினைவூட்ட அவனுக்கு மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. என்றோ அடைத்த வங்கிக் கடன் ஆர்.சி. புத்தகத்தில் அடிக்கப்படாமல் இருந்தால், படிவம் 35-ஐக் கொடுத்து அதையும் நீக்கிவிட வேண்டும்.

அடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே பார்க்க வேண்டும். பழைய புத்தகங்கள் கையால் எழுதப்பட்டவை. அவற்றைக் கணினியில் ஏற்றியபோது 3 என்பது 8 ஆனதும், 1 என்பது 7 ஆனதும் உண்டு. எங்கள் புத்தகத்தில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கமே காணாமற்போயிருந்தது. இங்கே அது யாருக்கும் உறுத்தவில்லை. ஆஸ்திரேலியாவில் அது வேறொரு காராகக் கருதப்பட்டுவிடும். தயாரிப்பு ஆண்டும் மாதமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது இதைவிட முக்கியம். ஏனென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களைப் பாரம்பரிய வாகனமாக ‘விஏ’ வரிசையில் பதிய 2021-இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இந்தியாவிலேயே வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஓராண்டுக்குள் கப்பலேறப்போகும் காருக்கு அதில் இறங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. வேறொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 1950-க்கு முன் தயாரான கார்களை இந்தியாவிலிருந்து தாராளமாக ஏற்றுமதி செய்ய இயலாது, அவற்றுக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி, காண்டெஸா வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இறக்குமதி அனுமதி

ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது 2018-ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டம். அதன்படி எந்த வண்டியையும் ‘ரோவர்’ என்ற அரசு இணையத்தளத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே கொண்டுவர வேண்டும். குடியேறுபவர்களுக்குப் பொருந்தும் வழிகள் இரண்டு. ஒன்று தனிப்பயன் வழி: வெளிநாட்டில் குறைந்தது 12 மாதங்கள் காரை வைத்திருந்து பயன்படுத்தியவர், ஆஸ்திரேலியாவில் குடியேறும் உரிமையோடு அதைக் கொண்டுவருவது. மற்றொன்று பழைய வாகன வழி: தயாராகி 25 ஆண்டுகள் நிறைந்த கார். பின்னதில் கார் எத்தனை மாதம் உங்களிடம் இருந்தது என்ற கேள்வி எழுவதில்லை. வயதை மெய்ப்பித்தால் போதும். பொழுதுபோக்குக் கார் வைத்திருக்கும் இந்தியர் அனைவரும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போவார்கள். 25 ஆண்டு என்பது ஆண்டுதோறும் நகரும் எல்லை என்பதால், கடைசிக் காலத்துக் காண்டெஸா ஒன்றை வைத்திருப்பவர் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துச் சில மாதம் பொறுப்பதே போதுமானதாகவும் இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் மாதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதனால்தான்.

அனுமதி வருமுன் காரைக் கப்பலில் ஏற்றாதீர்கள். இதைவிட அழுத்தமாக இந்தக் கட்டுரையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ‘வந்து சேர்வதற்குள் அனுமதி வந்துவிடும், மேடம்’ என்று எங்களிடம் சொன்ன முகவர் ஒருவரை அன்றோடு விட்டுவிட்டோம். விண்ணப்பம் யார் பெயரில் போகிறதோ அவர் பெயரிலேயே கார், கப்பல் ரசீது, சுங்கப் பத்திரம் ஆகிய அனைத்தும் இருக்கட்டும். கார் மனைவி பெயரிலும் விண்ணப்பம் கணவர் பெயரிலும் இருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் எழுத வேண்டிவரும்.

கல்நார் என்ற தேர்வு

காரின் மருத்துவப் பரிசோதனை இதுதான். பெரும்பாலோர் தோற்பதும் இதில்தான். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், எந்த வடிவிலும் எந்த அளவிலும் ஆஸ்திரேலியாவுக்குள் வருவதற்கு 2003 டிசம்பர் 31 முதல் முழுத் தடை உண்டு. பழைய கார் என்பதால் சலுகை கிடையாது. எல்லைக் காவல் துறைக்கு ஐயம் எழுந்தால் காரை நிறுத்திவைத்து, உங்கள் செலவில் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும், அகற்றும் செலவும், சில நேரம் வண்டியையே இழக்கும் நிலையும் நேரலாம்.

அந்தக் காலத்துக் காரில் கல்நார் எங்கெல்லாம் இருக்கும் என்று எழுதினால் பட்டியல் நீளும். நான்கு சக்கரங்களின் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், புகைக்குழாயும் எஞ்சினும் சேரும் இடத்து கேஸ்கெட்டுகள், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத் தடுப்பு, எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையேயுள்ள தகட்டில் ஒட்டிய அட்டை, அடிப்பகுதியில் பூசிய தார்ப் பூச்சு என்று எங்கும் இருக்கலாம். இதில் இந்தியர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கல்நாருக்கு முழுத் தடை உள்ள நாட்டுக்காரர்கள் ‘போன ஆண்டுதான் பிரேக் மாற்றினேன்’ என்று சொல்லி நிம்மதி அடையலாம். நம் நாட்டில் வெள்ளைக் கல்நார் இறக்குமதிக்கு இன்றும் முழுத் தடை இல்லாததால், நேற்று வாங்கிய லைனிங்கிலும் அது இருக்கலாம்.

நாங்கள் பட்டறிந்த பாடம் இது. புதுப்பேட்டையில் நெடுங்காலமாகத் தெரிந்த கடையொன்றில் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பெட்டியில் பிரேக் லைனிங் வாங்கி மாட்டினோம். மெக்கானிக் அண்ணன் பழைய லைனிங்கைக் காற்றடித்து ஊதப் போனபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தியது என் கணவர். தூசி பறக்காமல் ஈரத் துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்ட வேண்டும் என்பதை அவர் அதற்குள் படித்து வைத்திருந்தார். புதிய லைனிங்கில் நகத்தளவு வெட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். பத்து நாளில் வந்த அறிக்கை, அதில் வெள்ளைக் கல்நார் இருப்பதாகச் சொல்லிற்று. பெட்டியில் அச்சிட்டிருந்த சொற்களுக்கு விலை அந்த அச்சு மை மட்டுமே.

ஆகவே செய்ய வேண்டிய முறை இது: ஐயத்துக்குரிய ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, கல்நார் இல்லை என்று சான்றுள்ள பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டுங்கள், மாட்டுமுன் அதையும் பரிசோதியுங்கள். பரிசோதனைக்கூடம் ஆஸ்திரேலியாவின் ‘நாட்டா’ அங்கீகாரத்துக்கு இணையான அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். சர்வதேச உடன்பாட்டின்படி நம் நாட்டு ‘என்ஏபிஎல்’ அங்கீகாரம் அத்தகையது. ஒவ்வொரு மாதிரியும் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியும்படி, வண்டி எண்ணும் படத்தில் விழுமாறு ஒளிப்படம் எடுத்து, அறிக்கையோடு சேர்த்து ஒரே கோப்பாக வையுங்கள். ‘இந்தக் காரில் கல்நார் இல்லை’ என்று மெக்கானிக் எழுதித்தரும் கடிதத்தை யாரும் ஏற்பதில்லை. ஹெரால்டில் எஞ்சின் மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் என்பதால் கை நுழையாத இடமே இல்லை. அந்த வசதி இல்லாத கார்களுக்கு இந்த வேலை இன்னும் கடினம். இதற்கு நாங்கள் கொடுத்த காலம் ஐந்து மாதம்.

ஏசி பொருத்தியிருந்தால், குளிர்வாயுவை முறையாக இறக்கிவிட்டு அதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வாயுவோடு கொண்டுபோவதென்றால் அது வேறொரு சட்டத்தின் வேறொரு கதை.

மண்ணும் விதையும்

உயிரிப் பாதுகாப்பு ஆய்வாளர் தேடுவது மண், விதை, இலை, பூச்சி, எறும்புப் புற்று ஆகியவற்றை. வாட்டர் சர்வீஸ் என்று நாம் சொல்லும் கழுவல் இதற்குப் போதாது. இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை எடுத்து, கதவின் உட்பலகைகளையும் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் பின்னிருக்கைக்கு அடியில் கிடைத்தவை: புளியங்கொட்டை நான்கு, காய்ந்த வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, 1988-ஆம் ஆண்டின் பல்லவன் பேருந்துச் சீட்டு ஒன்று. சீட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளிலும் சேசிஸ் சட்டத்தின் இடுக்குகளிலும் அப்பியிருந்த செம்மண்ணைப் பல் துலக்கும் பிரஷ் கொண்டு சுரண்டியெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. சுத்தம் செய்தபின் காரை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். கண்டெய்னரில் ஏற்றும் நாள்வரை சிமெண்ட் தரையும் கூரையும் உள்ள இடத்தில்தான் அது நிற்க வேண்டும்.

கண்டெய்னரில் காரை அசையாமல் நிறுத்த வைக்கும் மரக்கட்டைகள் முறைப்படி பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர்ச் சின்னம் பொறித்தவையாக இருக்க வேண்டும். சாதாரண கட்டையைப் போட்டு அனுப்பினால் கட்டைக்காகக் கண்டெய்னர் முழுவதும் நிற்கும்.

காரோடு வீட்டுச் சாமான்களையும் அடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாத்திரமும் புத்தகமும் போகலாம். ஆனால் அரிசி, பருப்பு, கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றில் ஒரு பிடிகூடக் கூடாது. தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டுக்கு அஞ்சி, இவற்றைத் தனியே வரும் வீட்டுச் சாமான்களில் கொண்டுவருவதை ஆஸ்திரேலியா தடை செய்திருக்கிறது. என் மாமியார் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒரு சம்படம் நிறையத் தனியா வைத்திருந்ததை ஏற்றுவதற்கு முந்தின நாள் கண்டெடுத்தோம். ‘அங்கே என்ன விலையோ’ என்றார். அதற்கு மேல் அவரிடம் வண்டைப் பற்றி விளக்க எங்களுக்கு நாவெழவில்லை.

கப்பல்

காரைத் தனியாக ஓட்டி ஏற்றும் கப்பல்களும் உண்டு, கண்டெய்னரும் உண்டு. பழைய காருக்குக் கண்டெய்னரே நல்லது என்பது என் முடிவு; பூட்டிய பெட்டிக்குள் யாரும் கை வைக்க முடியாது. 20 அடிக் கண்டெய்னரின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், ஹெரால்டு 3.9 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மீதி இடத்தில் உதிரிபாகங்களும் சாமான்களும் அடங்கும். பெட்ரோலைக் கிட்டத்தட்ட வற்ற விட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவி இரண்டையும் முகவரிடம் ரசீது வாங்கிக் கொடுங்கள். காப்பீட்டில் கப்பல் மூழ்கினால் மட்டும் பணம் தரும் வகை மலிவானது. கண்டெய்னருக்குள் கட்டறுந்து கதவு நசுங்கினால் அது உதவாது. முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் சேர்த்தே எடுங்கள்.

உதிரிபாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெரால்டின் எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் பாகங்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நம் ஊரைவிட எளிதாகக் கிடைக்கும்; அவற்றைச் சுமக்க வேண்டாம். நான்கு கதவு மார்க் III-இன் உடற்பாகங்களோ இந்தியாவைத் தவிர உலகில் எங்கும் இல்லை. பின்கதவுக் கண்ணாடி, அதன் ரப்பர், பின்விளக்குக் கூடு ஆகியவற்றை இரண்டிரண்டாகத் தேடி எடுத்துச் செல்லுங்கள். பழைய கேஸ்கெட் எதையும், எவ்வளவு அரியதானாலும், உதிரிப்பெட்டியில் வைக்காதீர்கள். காரணம் மேலே சொல்லியாயிற்று.

எப்போது அனுப்புவது என்பதில் பலர் இடறுகிறார்கள். நீங்கள் போய் இறங்கும் அதே வாரத்தில் கார் வந்து சேர்ந்தால் அதை நிறுத்த இடமிருக்காது. முதலில் கிடைப்பது பெரும்பாலும் சிறு அடுக்ககம். பூட்டக்கூடிய கராஜ் உள்ள வாடகை வீடு சில மாதம் கழித்துத்தான் அமையும். நாங்கள் செய்தது இது: வேலை கிடைத்து அவர் முன்னே சென்றார்; கராஜ் உள்ள வீட்டை அவர் உறுதிசெய்யும்வரை, நான் இங்கேயே இருந்து காரின் பரிசோதனைகளை முடித்து ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். பிரிந்திருந்த அந்த மூன்று மாதங்கள் காருக்காக நாங்கள் கொடுத்த விலையில் சேர்த்தி. அப்படி ஒருவர் பின்தங்க இயலாதவர்கள், ஏற்றும் நாளில் நேரில் நிற்க நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். விசாவில் குறித்த முதல் நுழைவுத் தேதியைக் காருக்காகத் தவறவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பணம்

குடியேறுபவரின் வீட்டுச் சாமான்களுக்கு உள்ள வரிச்சலுகை காருக்குப் பொருந்தாது. காருக்கெனத் தனியாகச் சுங்க அறிவிப்பு தர வேண்டும். அங்குள்ள சரக்குச் சேவை வரியான 10 விழுக்காடு, காரின் மதிப்பின்மேல் மட்டுமன்றிக் கப்பல் கட்டணமும் காப்பீடும், தீர்வை ஏதும் உண்டென்றால் அதுவும் சேர்ந்த தொகையின்மேல் விதிக்கப்படும். தந்தையிடமிருந்து வந்த காருக்குக் கொள்முதல் ரசீது இராது என்பதால், மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வமான மதிப்பீடு வாங்கி வையுங்கள். வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டினால் காப்பீட்டில் அதே குறைந்த தொகைதான் வரும். இவற்றோடு சுங்க முகவர் கட்டணம், துறைமுகக் கட்டணம், உயிரிப் பாதுகாப்பு ஆய்வுக் கட்டணம் ஆகியவையும் உண்டு. கல்நார்ப் பரிசோதனையும் மாற்றுப் பாகங்களும் எங்கள் கணக்கில் கப்பல் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவாக நின்றன. என் கணவரின் தாளில் முதலில் எழுதிய தொகைக்கும் கடைசியில் கூட்டிய தொகைக்கும் இருந்த இடைவெளியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இறங்கிய பின்

மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் நிரந்தர விசாவில் வருபவர் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் ஓட்டுநர் உரிமம் பெற வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் தேர்வெழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். அதைக் கார் வருமுன்னரே முடித்துக்கொள்ளுங்கள்.

காரை முழுமையாகப் பதிவு செய்வதைவிட, அங்குள்ள சங்க அனுமதி முறையே பொழுதுபோக்குக் காருக்குப் பொருத்தமானது. 25 ஆண்டு கடந்த காருக்கு, அங்கீகரிக்கப்பட்ட கார்ச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, ஆண்டுக்கு 45 நாள் அல்லது 90 நாள் ஓட்ட அனுமதி பெறலாம், செலவு குறைவு. சிட்னியில் குடியேறுபவர்களுக்கு நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் விதி வேறு: அங்கே கார் 30 ஆண்டு கடந்திருக்க வேண்டும், நாள் கணக்கு 60. ட்ரையம்ப் கார்க்காரர்களின் சங்கத்தில் சேர்வதைச் சென்னையில் இருக்கும்போதே கடிதம் எழுதித் தொடங்கிவிடுங்கள். எந்தப் பட்டறையில் சாலைத் தகுதிச் சோதனைக்கு விடலாம், எவர் பழைய பிரேக்கைப் புரிந்துகொள்வார் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இருக்கைப் பட்டையை மட்டும் இந்தியாவில் பொருத்த வேண்டாம் என்பேன். பட்டை அணிவதை உலகிலேயே முதன்முதலாக 1970-இல் சட்டமாக்கிய மாநிலம் விக்டோரியா. எங்கள் கார் அதே ஆண்டில் பட்டையே இல்லாமல் பிறந்தது. தகட்டில் எந்த இடத்தில் துளையிட்டு, எப்படி வலுவூட்ட வேண்டும் என்பதற்கு அங்கே முறையும் அதைச் சான்றளிக்கும் பொறியாளரும் உண்டு. இங்கே வெல்டிங் வைத்துக் கொண்டுபோனதை அங்கே அறுத்தெடுக்கச் சொன்னால் செலவு இரட்டிப்பாகும்.

சங்க அனுமதியோடு ஒரு பதிவேடு தருவார்கள். ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும், வண்டியைக் கிளப்புமுன்னரே, அதில் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். எழுதாமல் சாலையில் இறங்கினால் அது பதிவில்லாத வண்டியாகவே கருதப்படும். பேனா இல்லாமல் கராஜிலிருந்து இரண்டு முறை வீட்டுக்குள் ஓடிய பிறகு, என் கணவர் ஒரு பேனாவை நூலில் கட்டி டாஷ்போர்டில் தொங்கவிட்டுவிட்டார்.